செவிட்டு மலை சொன்ன பெயர்கள்

பனி உருகி ஓடை கரை தொட்டு ஓடிய ஒரு வசந்த காலத்தில், அதுவரைக்கும் எவர் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்காத, அதனாலேயே செவிட்டு மலை என்று பெயர் வாங்கியிருந்த அந்த மலை, கர்லாணிகளின் பள்ளத்தாக்கில் பேச ஆரம்பித்தது. அதைப் பேசவைத்தவன் கழுதைக்கார பைதுல்லா. சமவெளிக்குப் போய் உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பியவன், கணவாய் வாயில் கிடக்கும் தட்டைப் பாறைமேல் ஏறி, ஊர் வழக்கப்படி தன் பெயரை உரக்கச் சொன்னான். யார் உள்ளே வந்தாலும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். சொல்லாமல் வருகிறவனைக் காவல் கோபுரத்துக்காரன் முதலில் சுட்டுவிட்டு அப்புறம்தான் முகம் பார்ப்பான். கழுதைக்காரன் "பைதுல்லா!" என்றான். எதிரே மலை, அவனுடைய குரலிலேயே, அவனுடைய தொண்டைக்கட்டோடு, "பைதுல்லா, ஸகீ மகன், ஸகீ, நூர்பாஸ் மகன், நூர்பாஸ், ஆதம் மகன்" என்று தொடங்கி, அவனுக்குத் தெரிந்த ஏழு தலைமுறையையும் தாண்டி, தெரியாத தலைமுறைகளையும் தாண்டி, இருபத்து மூன்றாவது பெயராகக் "கர்லான்" என்று சொல்லி நிறுத்தியது. பைதுல்லா கடைசிவரை நின்று கேட்டான். பிறகு வீட்டுக்குப் போய், உப்பில் ஈரம் பாய்ந்துவிட்டது என்பதை முதலிலும், மலை பேசியதை இரண்டாவதாகவும் மனைவியிடம் சொன்னான்.

கர்லான்தான் அவர்கள் எல்லோருக்கும் மூலப் பாட்டன். வசீர், அஃப்ரீதி, கட்டக் என்று எத்தனையோ பஷ்தூன் குலங்கள் தங்களை அவன் வழி என்று சொல்லிக்கொள்கின்றன, அந்தச் சின்னப் பள்ளத்தாக்கில் இருந்த நான்கு கிளைகளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டன. அவனைப் பற்றி அவர்களிடம் ஒரே ஒரு கதை இருந்தது. ஆதிகாலத்தில் யாரோ கூடாரம் பிரித்துப்போன வெற்றுத் தரையில் இரண்டு பேர் நடந்து போனார்களாம். வீடு நிறையப் பிள்ளை வைத்திருந்தவனுக்கு ஒரு பச்சைக் குழந்தை கிடைத்தது. பிள்ளையில்லாதவனுக்கு ஓர் இரும்புக் கடாய் கிடைத்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கடாயைக் கொடுத்துக் குழந்தையை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைதான் கர்லான். கல்யாண வீடுகளில் சோறு உண்டபின் இந்தக் கதையைச் சொல்லி, ஒரு கடாய்க்குக் கிடைத்த பாட்டன் என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வயல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மறுபடி பங்கு போடும் வேஷ் என்னும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அதற்கான சீட்டுகளைக் குலுக்குவதும் ஓர் இரும்புக் கடாயில்தான்.

மலை பேசியதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், நல்ல மழை பெய்தால் எடுத்துக்கொள்வதுபோலத்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் எல்லோரும் பாறையில் ஏறித் தங்கள் பெயரைக் கூவினார்கள். இரண்டாவது வாரம் தொந்தரவு தொடங்கியது. சாப்பிட வாடா என்று ஒரு தாய் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால், மலை அந்தப் பிள்ளையின் இருபத்துச் சொச்சம் பாட்டன்மாரையும் சொல்லி முடிப்பதற்குள் ரொட்டி ஆறிப்போனது, அதுவரை பேசாமல் நிற்பதுதான் முன்னோருக்கு மரியாதை என்று பிள்ளையும் நகரவில்லை. ஆகவே ஊரில் பட்டப்பெயர்கள் பெருகின. மூக்கன், குள்ளன், ஓட்டைத் தலைப்பாகை, கோழி திருடி என்றெல்லாம் கூப்பிட்டால் மலை வாயைத் திறப்பதில்லை என்று கண்டுகொண்டு, மதிப்புமிக்க தாடிக்காரர்கள்கூட ஒருவரையொருவர் அப்படியே அழைத்துக்கொண்டார்கள். வெளியில் தங்கள் பெயர் ஒலிக்கக் கேட்டறியாத பெண்கள், விறகு பொறுக்கப் போகிற சாக்கில் கூட்டமாகப் பாறைக்குப் போய், ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிவிட்டு முக்காட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள். அதை ஜிர்காவில், அதாவது ஊர்ப் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து முடிவெடுக்கும் சபையில், தடை செய்தார்கள். அடுத்த நாள் முதல் பெண்களுக்கு இரண்டு மடங்கு விறகு தேவைப்பட்டது.

ஒரு நாள் மட்டும் விஷயம் விபரீதமாகப் போகப் பார்த்தது. ஒரு வாலிபன் தன் பெயரைச் சொன்னபோது, மலை சொன்ன இரண்டாவது பெயர் அவன் வீட்டில் அப்பா என்று இருந்தவரின் பெயராக இல்லை. பாறையடியில் நின்ற ஆண்களின் கைகள் துப்பாக்கியைத் தேடின. ஜிர்காவின் மூத்தவர் ஹைபத் பாபா, மலை தன் பேச்சை முடிக்கும் முன்பே தடியைத் தரையில் தட்டி, "காத்தடிக்குதுப்பா. காத்துல மலைக்குக் காது சரியாக் கேக்காது. காத்து நாள்ல சொன்னது எதுவும் செல்லாது" என்றார். அன்று ஒரு புல்லும் அசையவில்லை. ஆனாலும் எல்லோரும் தலைப்பாகை நுனியைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், பலமான காற்று என்று சொல்லிக் கலைந்தார்கள்.

இத்தனையிலும் பாறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஒருவன் ஊரில் இருந்தான். அவன் முசாபர். வயது நாற்பத்தைந்து. பிள்ளையில்லாமலே மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பா தாத்குல் இறந்து ஒரு வருஷம். வாய்க்கால் தலைப்பில் நாலு வாதுமை மரங்களோடு இருந்த அப்பாவின் வயலை உழுதுகொண்டு, தானே ரொட்டி சுட்டுத் தானே தின்றுகொண்டு தனியாக இருந்தான். மலை பேச ஆரம்பித்ததிலிருந்து அவன் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகவில்லை. போனால் திரும்பும்போது பாறையில் ஏறிப் பெயர் சொல்ல வேண்டும். உப்புத் தீர்ந்தது, உப்பில்லாமல் தின்றான். செருப்பு அறுந்தது, கயிற்றால் கட்டிக்கொண்டான்.

ஏனென்றால் தாத்குல் அவனைப் பெற்றவர் அல்ல. அது ஒரு கொடும் பஞ்ச வருஷம். ஊரே சமவெளிக்கு இறங்கிப்போயிருக்க, இரண்டு வீடு மட்டும் தங்கியிருந்த மார்கழிக் குளிரில், ஒட்டகக்காரக் கூட்டம் ஒன்று தங்கிப்போன இடத்துக்குச் சாணம் பொறுக்கப் போன தாத்குல், சூடு ஆறாத மூன்று அடுப்புக் கற்களுக்கு நடுவே ஒரு கம்பளத் துண்டில் அவனைக் கண்டெடுத்தார். வசந்தத்தில் ஊர் திரும்பியபோது தாத்குலின் மனைவி மடியில் குழந்தை இருந்தது. என் மகன் என்றார் தாத்குல். பசியிலிருந்து திரும்பியவர்கள் யாரும் மாதக் கணக்குப் பார்க்கவில்லை. தாத்குல் அதை மகனிடம் ஒரே ஒருமுறை, அவனுக்குக் கல்யாணம் ஆன அன்று காலையில் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, "இத நீ தெரிஞ்சுக்கணும்னு சொல்லல. பொய் சொன்னவனா நான் சாகக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப மறந்துடு" என்றார். நல்ல மனுஷர், மறப்பது அவ்வளவு சுலபம் என்று நினைத்திருந்தார்.

ஊரில் இதை அறிந்த இன்னொரு உயிர், அந்தக் குளிரில் ஊரிலேயே தங்கிய இரண்டாவது வீட்டுக்காரி, தாத்குலின் தம்பி மனைவி ஸர்கூனா. அவள் மகன் ஸமுர்த்துக்குக்கூட அவள் சொன்னதில்லை. பஷ்தூன்களில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்குள் இருக்கும் போட்டி ஊரறிந்தது. ஒரே பாட்டனின் நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள் வரப்பில் நின்று முறைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஸமுர்த் கெட்டவன் இல்லை. அவனுக்கு ஆறு பிள்ளைகள், குறுகலான வயல், அதில் பாதி கல். தாத்குலுக்கு வாரிசு இல்லை என்று ஆகிவிட்டால் அந்தப் பங்கும் அவனுக்கு. முசாபரை அவன் லாலா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்; தனக்கு விளங்காத ஏதோ ஒன்று லாலாவிடம் இருக்கிறது, லாலா ஏன் பாறைக்கு வருவதில்லை என்ற ஒரு முள் அவனைக் குத்திக்கொண்டே இருந்தது.

கேட்டால் நம்ப மாட்டீர்கள், முசாபர் பாறைக்குப் போகாமல் இல்லை. நோன்பு மாதத்தில், ஊர் முழுக்கக் கதவடைத்துக் கிறங்கிக் கிடக்கும் உச்சி வெயிலில், காவல்காரனும் கோபுரத்தில் குறட்டை விடுகிற நேரம் பார்த்து, ஒருவனாக ஏறிப் போய் நின்றான். "முசாபர்!" என்றான். மலை சும்மா இருந்தது. இன்னொரு தடவை, இன்னும் உரக்கக் கூப்பிட்டான். அந்த மலை பழையபடி செவிட்டு மலையாக, கல்லும் முள்ளுமாக நின்றது. இறங்கப் போனவன் என்ன தோன்றியதோ திரும்பி, தாங்க முடியாமல், "தாத்குல்!" என்று கத்தினான். உடனே மலை, "தாத்குல், ஜான்பாஸ் மகன், ஜான்பாஸ், மிர்ஸமான் மகன்" என்று ஆரம்பித்து, கர்லான்வரைக்கும் நிதானமாகச் சொல்லிற்று. முசாபர் உட்கார்ந்து கேட்டான். அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள், அவனைத் தவிர. அப்படியும் அது அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஒரு வருஷமாக அந்தப் பெயரை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அடிக்கடி போனான். தன் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டான். அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வான். பெயர்கள் முடிந்து, கர்லானுக்குப் பிறகு மலை ஓயும்போது அந்த ஓய்வையும் கேட்டுக்கொண்டு இருப்பான். மற்றவர்களெல்லாம் கர்லான் என்றதும் தூசு தட்டி எழுந்துபோய்விடுவார்கள், வீட்டில் அவர்களுக்கு வேலையும் ஆளும் இருந்தது. இவனுக்குப் போக இடமில்லாததால், அதற்கப்புறம் மலை ஏதாவது சொல்லுமோ என்று நிழல் நீளும்வரை காத்திருப்பான். அது ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் வேஷ் வந்தது. ஜிர்கா கூடியபோது ஸமுர்த் எழுந்து, "எதுக்கு இந்தத் தடவை யார் எந்தக் கிளை, யாருக்கு எத்தனை பங்குன்னு மண்டையை உடைச்சுக்கணும்? மலைதான் பேசுதே. பங்கு கேக்கறவன் பாறையில ஏறிப் பேர் சொல்லட்டும். மலை பதில் சொன்னா சீட்டு எடுக்கட்டும்" என்றான். சொல்லும்போது அவன் முசாபரைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பேசுகிற மலையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்களா? ஹைபத் பாபா மட்டும் தாடியை இரண்டு தடவை நீவிவிட்டு, சரி என்றார்.

மறுநாள் காலை ஸர்கூனா, முக்காட்டுக்குள் ஒரு பிடி உப்போடு முசாபரின் வீட்டுக்கு வந்தாள். அவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். அவள் அவனை நகர்த்திவிட்டு, உப்பைப் போட்டுத் தானே பிசைந்தாள்.

"காய்ச்சல்னு படுத்துக்கோ. வேஷ் அன்னைக்குப் பாறைக்குப் போகாதே."

"எத்தனை நாளைக்குச் சின்னம்மா காய்ச்சல் வரும்?"

"உன்னை உங்கப்பன் தூக்கிட்டு வந்தப்ப ஆட்டுப்பால் ஊத்தினது நான். இத்தனை வருஷத்துல என் வாயிலேருந்து ஒரு சொல் வந்திருக்கா? பெத்த மகன்கிட்டகூட மூச்சு விடல. கல்லு மண்ணு அது, அதுக்கு என்ன கேடு, வாயை மூடிக்கிட்டுக் கிடக்கக் கூடாதா?"

"அது மூடிக்கிட்டுத்தான் இருக்குது, சின்னம்மா. அதான் சிக்கல்" என்றான் அவன். "வயல் போனாப் போகட்டும். தாத்குல் பிள்ளையில்லாம செத்தார்னு ஊர் சொல்லுமே, அதத்தான் தாங்க முடியல."

ஸர்கூனா மாவைப் பிசைவதை நிறுத்தாமல் அழுதாள்.

வேஷ் நாளில் நான்கு கிளை ஆண்களும் பாறையடியில் கூடினார்கள். பெண்கள் எட்டத்தில் வீட்டுக் கூரைகளில் நின்றார்கள். ஹைபத் பாபா மடியில் கடாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் மரச்சீட்டுகள் கிடந்தன. ஒவ்வொருவனாக ஏறினான், கூவினான், மலை சொல்லி முடித்ததும் இறங்கி, கையை நெஞ்சில் வைத்துக் காத்திருந்தான். எல்லோரும் பெயர் சொல்லி முடித்த பிறகுதான் சீட்டு. சூரியன் உச்சிக்கு வந்து, பசியில் பிள்ளைகள் சிணுங்கும்வரை கர்லானின் பெயர் நூற்றுச் சொச்சம் தடவை அந்தப் பள்ளத்தாக்கில் விழுந்தது. கடைசியில் ஒருவன் மிச்சம்.

"லாலா" என்றான் ஸமுர்த், இப்போதும் முகம் பார்க்காமல். "உன் முறை."

முசாபர் கயிறு கட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். ஹைபத் பாபா அவனை அண்ணாந்து பார்த்தார். கிழவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரிந்த மனுஷர். "முசாபர், காத்து ஏறுது போலிருக்கே. இன்னொரு நாள் பாத்துக்கலாமா?" என்றார். ஸமுர்த் வாயைத் திறக்கப் போனான்.

"காத்து இல்ல பாபா" என்றான் முசாபர். தன் அப்பாவை ஒரு பொய்க் காற்றின் பின்னால் ஒளித்துவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மூச்சை இழுத்துத் தன் பெயரைச் சொன்னான்.

மலை பேசவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் இருமிவிட்டு, இருமியதற்கு வெட்கப்பட்டார். நாற்பத்தைந்து வருஷமாகத் தங்களோடு உழுது, தங்கள் சவங்களைத் தோளில் சுமந்த ஒருவனை அண்ணாந்து பார்த்து நின்றார்கள், அந்தப் பார்வையில் அவன் கொஞ்சம் கொஞ்சமாக அந்நியனாகிக்கொண்டிருந்தான். அது அவனுக்கு மேலிருந்தே தெரிந்தது. ஸமுர்த் ஜெயித்துவிட்டான். ஜெயித்தவன் முகம் ஏனோ வெளிறிப்போயிருந்தது.

முசாபர் இறங்கவில்லை. அந்த மௌனம் அவனுக்குப் புதிதில்லை. அதை இந்த ஊரில் அவனைவிட அதிகம் கேட்டவர் கிடையாது. அப்பாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிழல் நீள நீள உட்கார்ந்திருந்த அத்தனை மதியங்களிலும், கடைசிப் பெயருக்கு அப்பால் அவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பாபா, இன்னும் ஒரே ஒரு பேர் கூப்பிடறேன். அப்புறம் இறங்கிடறேன்."

"கூப்பிடு."

"கர்லான்!" என்று கூவினான் முசாபர்.

அதுவரை யாரும் அந்தப் பெயரை முதல் பெயராகக் கூப்பிட்டதில்லை. யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. பாட்டனைப் பெயர் சொல்லி அழைக்கிற மரியாதை கெட்டவர்களும் அந்த ஊரில் இல்லை. இப்போது நூற்றுச் சொச்சம் ஆண்களும், கூரைகளில் இருந்த பெண்களும் மலையைப் பார்த்தார்கள். இன்னார் மகன் என்று ஒரு சொல்லாவது வரும் என்று காத்திருந்தார்கள். கல்யாண வீடுகளில் தாங்களே சொல்லிச் சிரித்த கதை, சிரிப்பு கழன்றுபோய், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஞாபகம் வந்தது. மலை வாயே திறக்கவில்லை. முசாபருக்குக் கொடுத்த அதே மௌனத்தை, அதே அளவில், அதே வெயிலில், அவர்கள் பாட்டனுக்கும் கொடுத்தது.

வெகுநேரம் கழித்து ஹைபத் பாபா கேட்டார்: "ஸமுர்த், கேட்டியா?"

"எதை பாபா?"

"ரெண்டையும்."

ஸமுர்த் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டேன்."

"ஏதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சுதா?"

ஆறு பிள்ளைகளும் கல் வயலும் அவன் கண் முன்னால் வந்திருக்கும். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டத்தில் பாதி அவன் பின்னால் வரும். அவன் கூரைப் பக்கம் பார்த்தான். அங்கே ஸர்கூனா முக்காட்டை விலக்கிவிட்டு, அத்தனை ஆண்களுக்கும் முகம் தெரிய நின்றுகொண்டிருந்தாள். "இல்ல பாபா" என்றான் ஸமுர்த். "ரெண்டும் ஒண்ணுதான்."

ஹைபத் பாபா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மடியில் இருந்த கடாயைத் தூக்கி, பாறையில் நின்றவனை நோக்கி நீட்டினார். "நீ முதல்ல எடு" என்றார்.

சீட்டில் முசாபருக்கு வந்தது ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டு நிலம். வாய்க்கால் தலைப்பும் வாதுமை மரங்களும் யாரோ மூன்றாம் மனிதனுக்குப் போயின. அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் அன்றோடு மலை மாறிவிட்டது. மறுநாள் பைதுல்லா கணவாயில் நின்று பெயர் சொன்னபோது, மலை "பைதுல்லா" என்று மட்டும் சொன்னது. யார் கூப்பிட்டாலும் கூப்பிட்டதையே திருப்பிச் சொல்லும் சாதாரண மலையாகிவிட்டது. உலகத்தில் இப்படி ஆயிரம் மலை இருக்கிறது. களைத்துப்போயிருக்கும் என்றார்கள் சிலர். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்றார்கள் வேறு சிலர். தாய்மார்கள் மறுபடி பிள்ளைகளைச் சொந்தப் பெயரில் கூப்பிட்டார்கள், ரொட்டி சூடாகவே உண்ணப்பட்டது, கோழி திருடி என்ற பட்டம் மட்டும் அதை வாங்கிய பெரியவரோடு ஒட்டிக்கொண்டது.

முசாபரை யாரும் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. சொல்லப்போனால் மரியாதை கூடிவிட்டது. அவன் வந்தால் எழுந்து இடம் விட்டார்கள், தேநீரை முதலில் அவனுக்கு ஊற்றினார்கள், அவன் தட்டில் இறைச்சியைப் பெரிய துண்டாக வைத்தார்கள். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிக்கு அங்கே செய்கிற மரியாதை அது. முன்பு அவனைப் பார்த்ததும் தள்ளி உட்காருடா என்று முழங்கையால் இடித்தவர்கள், இப்போது இடிப்பதில்லை. அந்த இடி இல்லாமல்போனது அவனுக்கு உப்பில்லாத ரொட்டியைவிடக் கஷ்டமாக இருந்தது. ஸமுர்த் மட்டும் வாரம் ஒருமுறை வந்து, ஒன்றும் பேசாமல் மேட்டு நிலத்தில் கல் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இலை உதிரும் காலத்தில் ஒரு நாள் முசாபர் சமவெளிக்குப் போனான். புதுச் செருப்பும் ஒரு மூட்டை உப்பும் வாங்கிக்கொண்டு, வெயில் சாய்கிற வேளையில் கணவாய்க்குத் திரும்பினான். வழக்கப்படி பாறையில் ஏறி நின்றான். பழக்கத்தில் "தாத்குல்!" என்றுதான் முதலில் கூப்பிட்டான். மலை "தாத்குல்" என்றது. அடுத்து ஜான்பாஸ் வருவார் என்று காத்திருந்தான். வரவில்லை. இனி வர மாட்டார் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது, அப்பாவை இரண்டாவது தடவை புதைத்ததுபோல் துக்கம் பொங்கி வந்தது. உப்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்காததால் வாய்விட்டு அழுதான். அழுகையையும் மலை கொஞ்சம் திருப்பிச் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கோபுரத்தில் காவல்காரன் துப்பாக்கியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரென்று சொல்லாமல் ஊருக்குள் போக முடியாது. முசாபர் மூச்சை இழுத்து, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி, "முசாபர், தாத்குல் மகன்!" என்று கூவினான்.

"முசாபர், தாத்குல் மகன்" என்றது மலை.